மீட்டர் போச்சா, கண்மாய் போச்சா? தண்ணீர்த் தர அளவீட்டில் வரும் குழப்பங்கள், அறிகுறிவாரியாக

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களையும் அவற்றில் வந்து விழும் வரத்துக் கால்வாய்களையும் மாதாமாதம் கையடக்க மீட்டரோடு அளக்கும் குழுக்களுக்கும் மாணவர்களுக்குமான வழிமுறை இது. வினோதமான எண் ஒன்று வந்ததும் கரையில் நிற்கும் ஒருவர் "மீட்டர் போச்சு" என்பார், இன்னொருவர் "கண்மாயே போச்சு" என்பார். பாதிக்கு மேல் இரண்டும் இல்லை. அளந்த நேரமும் நின்ற இடமும்தான் காரணம். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இதே வரிசையில் பாருங்கள்: முதலில் நேரம், அடுத்து இடமும் ஆழமும், அப்புறம் கருவி, கடைசியில் தண்ணீர்.

இதற்கு நோட்டில் சில விவரங்கள் இருந்தே ஆக வேண்டும். அளந்த மணி, தண்ணீரின் வெப்பநிலை, மடைப்பக்கமா மறுகால் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) பக்கமா கால்வாய் வாயா, எவ்வளவு ஆழம், வெயிலா மூட்டமா, கடைசியாக மழை எப்போது, கால்வாயில் தண்ணீர் திறந்திருக்கிறதா. இவை இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி வரும் நோட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கரைந்த ஆக்சிஜன் மத்தியானம் 12 காட்டுகிறது

30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் காற்றோடு சமநிலையில் பிடித்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம். 25 டிகிரியில் 8.3, 35 டிகிரியில் 7. மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரம்தான் என்பதால் இதில் குறைவது ஒரு சதவீத அளவே. ஆக, 30 டிகிரியில் 12 என்றால் 150 சதவீதத்துக்கும் மேல். பார்த்தவுடன் மீட்டரைத் தட்டத் தோன்றும்.

தட்ட வேண்டாம். ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் புரோபை (தண்ணீருக்குள் விடும் உணர்முனையை) சற்று நேரம் விடுங்கள். ஈரக்காற்றில் அது 100 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் கருவி சரி. அடுத்து, அதே இடத்தில் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பாருங்கள். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியே விடும்போதே தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பி.எச். 9-ஐத் தாண்டிக்கூடப் போகும். ஆக்சிஜன், பி.எச். இரண்டும் கைகோத்து ஏறியிருந்தால் எண் உண்மை, வேலை பாசியுடையது. ஆக்சிஜன் மட்டும் உயரத்தில் நிற்க, பி.எச். 7.5-லேயே அசையாமல் இருந்தால் அப்போது புரோபைச் சந்தேகப்படலாம்.

எண் உண்மை என்று தெரிந்ததும் நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. "ஆக்சிஜன் நிறைய இருக்கே, நல்லதுதானே?" என்பார்கள். அதே இடத்துக்கு விடியற்காலை, வெளிச்சம் வருவதற்கு முன் போய் அதே ஆழத்தில் அளங்கள். பகலில் ஆக்சிஜன் விட்ட பாசி இரவு முழுக்க அதையே சுவாசிக்கிறது. பச்சையேறிய கண்மாயில் மத்தியானம் 12-ம் விடியலில் 1-ம் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கும் தண்ணீருக்குக் குறைந்தது 5, மீனுக்கும் வனவிலங்குக்கும் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும். மத்தியானம் மட்டும் அளக்கும் குழுவின் நோட்டில் கண்மாய் வருஷம் முழுக்கத் தேறிக்கொண்டே இருக்கும்.

மாதம் ஒரு தடவைதான் போக முடியும் என்றால் விடியற்காலையில் போங்கள் என்பதே என் கட்சி. குழுவில் இதற்கு எதிர்ப்பு வரும். காலை பத்து மணிக்கு டீ குடித்துவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் வசதி.

ஆக்சிஜன் எங்கே வைத்தாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது

சவ்வு வைத்த பழைய வகை புரோப் என்றால் மூன்று காரணங்கள். சவ்வுக்கு அடியில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கலாம். கழற்றிக் கரைசலை நிரப்பிப் புதுச் சவ்வு போடுங்கள். புரோபை ஆடாமல் வைத்திருக்கலாம். இவ்வகை புரோப் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும், மெதுவாக அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். மூன்றாவது, கருப்புச் சேற்றிலோ சாக்கடை நாற்றமடிக்கும் கால்வாயிலோ விட்டு எடுத்திருந்தால் அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மின்முனையைக் கெடுத்திருக்கும். ஒளியால் அளக்கும் புதுவகைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, விலைதான் தொல்லை.

சந்தேகம் தீரவில்லையா, மீட்டர் இல்லாமல் ரசாயனம் விட்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்குப் போங்கள். 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலில் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட் 2 மில்லி, அசைடு கலந்த கார அயோடைடு 2 மில்லி, இரண்டையும் பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, தலைகீழாகப் புரட்டுங்கள். இங்கேயே பாதி விடை கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் படிவு இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது, மீட்டர் பொய் சொல்கிறது. படிவு வெள்ளையாகவே இறங்கினால் ஆக்சிஜன் இல்லை, மீட்டர் பாவம். அதன்பின் கந்தக அமிலம் 2 மில்லி விட்டுக் கரைத்து, 203 மில்லி எடுத்து, 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் ஸ்டார்ச்சின் நீலம் போகும்வரை டைட்ரேட் செய்தால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். அசைடு விஷம், கையுறை போடுங்கள். மிச்சக் கரைசலைக் கண்மாயிலேயே கொட்டிவிட்டு வராதீர்கள், பார்த்திருக்கிறேன்.

பி.எச். நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது

மின்முனை காய்ந்திருக்கும், அல்லது யாரோ அக்கறையாக அதை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்திருப்பார்கள். இரண்டும் அதற்கு ஆகாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் 7, 4, 9.2 பஃபர்களில் (பி.எச். இன்னதென்று தெரிந்த கரைசல்களில்) சரிபாருங்கள். மீட்டர் காட்டும் சரிவு (பஃபருக்குப் பஃபர் மின்முனை எவ்வளவு சரியாக மாறுகிறது என்ற அளவு) 95 சதவீதத்துக்குக் கீழே போய், சுத்தம் செய்தும் ஏறாவிட்டால் புது மின்முனைதான்.

கரையில் 8.9 காட்டியது, வீட்டில் 8.1 காட்டுகிறது என்றால் கோளாறு எதுவும் இல்லை. பாட்டிலுக்குள் இருட்டில் பாசி சுவாசித்துக் கரியமில வாயு சேர்ந்திருக்கும். பி.எச்., வெப்பநிலை, ஆக்சிஜன் மூன்றும் கரையிலேயே அளக்க வேண்டியவை.

மின்கடத்துதிறன் திடீரென்று பாதியாகிவிட்டது, அல்லது ஏறிக்கொண்டே போகிறது

தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மின்கடத்துதிறன். நேரமும் இடமும் சரி என்றால் அடுத்து கருவி. 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசல் கடையில் கிடைக்கும், அதில் பாருங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும் என்பதால், ஒரு மீட்டர் 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டியும் இன்னொன்று திருத்தாமல் காட்டியும் இருந்தால் மே மாத வெயிலில் இரண்டுக்கும் நடுவே கணிசமான வித்தியாசம் வரும். டி.டி.எஸ். (மொத்தமாகக் கரைந்த உப்பு) மீட்டர்காரர்களுக்கு இன்னொரு தலைவலி: அது நேரடியாக உப்பை அளப்பதில்லை, மின்கடத்துதிறனை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு கம்பெனி, இரண்டு பெருக்கல். நோட்டில் மின்கடத்துதிறனை மட்டும் எழுதுங்கள்.

கருவி சரி என்றால், கால்வாயில் தண்ணீர் திறந்தார்களா என்று கேளுங்கள். வைகை அணையிலிருந்து பேரணை வழியாக வரும் தண்ணீரில் ஒரு பங்கு, 1895 முதல் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும் பெரியாற்றுத் தண்ணீர். மலைக்காட்டு மழைத்தண்ணீரில் உப்பு சொற்பம். அது கண்மாய்க்குள் புகுந்ததும் மின்கடத்துதிறன் மளமளவென்று இறங்கும். திறப்பு நின்றதும் அதே வரத்துக் கால்வாயில் வீட்டுச் சாக்கடை மட்டும் ஓடும், எண் ஏறும். தண்ணீர் திறந்த தேதி நோட்டில் இல்லாவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் முழுக்க மர்மமாகவே இருக்கும்.

கோடையில் மெல்ல மெல்ல ஏறுவது வேறு கதை. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கண்மாயின் கொள்ளளவு பாதியாகும்போது குளோரைடு ஏறக்குறைய இருமடங்கானால் வெறும் வெயில்தான் காரணம். அதைவிட வேகமாக ஏறினால் எங்கிருந்தோ உப்பு உள்ளே வருகிறது, கால்வாய் கால்வாயாகப் போய்ப் பாருங்கள். பாசனத்துக்கான உச்ச அளவு 2250 மைக்ரோசீமென்ஸ் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு விவசாயி உங்களிடம் கேட்கப்போகும் ஒரே எண் அதுதான்.

ஒரே கால்வாயில் இருவர் அளந்து இரண்டு எண் வருகிறது

எந்தக் கரையில் நின்றீர்கள்? செல்லூர் கண்மாயின் உபரியைக் கொண்டுவரும் பந்தல்குடி கால்வாய் வைகையில் விழும் இடம்போல எங்கே இரண்டு தண்ணீர் சேர்ந்தாலும், சேர்ந்த உடனே அவை கலந்துவிடாது. கொஞ்ச தூரம் ஒரு கரையோரம் சாக்கடையும் மறு கரையோரம் ஆறும் தனித்தனியாக ஓடும். குறுக்கே ஐந்தாறு இடத்தில் மின்கடத்துதிறனைப் பாருங்கள். எண்கள் ஒன்றாகும் இடம்வரை கீழே இறங்கிப் போய், அங்கே மாதிரி எடுங்கள்.

கூடவே வரும் குழப்பம் ஒன்று: எந்தக் கால்வாய் அதிகம் கெடுக்கிறது? பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) அதிகமுள்ள கால்வாயைக் காட்டி "இதுதான்" என்பது வழக்கம். ஓட்டத்தையும் அளங்கள். கால்வாய் நேராக ஓடும் பத்து மீட்டரை அளந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். வரும் வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். பி.ஓ.டி. 20 உள்ள கால்வாயில் நொடிக்கு 10 லிட்டர் ஓடினால் நொடிக்கு 200 மில்லிகிராம் சுமை. பி.ஓ.டி. வெறும் 6 உள்ள கால்வாயில் நொடிக்கு 200 லிட்டர் ஓடினால் 1200. நாறுகிற கால்வாய் தப்பித்துக்கொள்ளும், பார்க்க ஓரளவு தெளிவான கால்வாய் மாட்டிக்கொள்ளும்.

நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம், ஆனால் கண்மாய் பச்சை

பட்டைச் சோதனை என்றால் டப்பா மூடி சரியாக இருந்ததா, காலாவதி ஆகிவிட்டதா பாருங்கள். ஈரம் பட்ட பட்டை எதையும் காட்டாது. பட்டை நல்லது என்றால் விடை எளிது: சத்தெல்லாம் பாசிக்குள் போய்விட்டது. வடிகட்டாத தண்ணீரில் மொத்த பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பாட்டிலைச் சோப்புத்தூளால் கழுவாதீர்கள், அதிலேயே பாஸ்பேட் இருக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசுங்கள்.

சாக்கடைக் கால்வாயில் நைட்ரேட் பூஜ்ஜியம் வந்தால் "சுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நைட்ரஜன் அம்மோனியாவாக நிற்கிறது; அதை நைட்ரேட்டாக மாற்ற ஆக்சிஜன் இல்லை. அம்மோனியா பாருங்கள்.

சாக்கடைக் கால்வாயைவிடக் கண்மாயில் பி.ஓ.டி. அதிகம்

இதில் இரண்டு பக்கமும் தவறு இருக்கலாம். கால்வாய்த் தண்ணீரை நீர்த்துப்போகச் செய்யாமல் அப்படியே பாட்டிலில் அடைத்திருந்தால் முதல் நாளே ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். அதற்கு மேல் தின்ன ஒன்றுமில்லாததால் எண் சின்னதாக வரும். முடிவில் குறைந்தது 1 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும், குறைந்தது 2 செலவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் கணக்கில் இல்லை. கண்மாய்ப் பாட்டிலிலோ பாசி இருட்டில் சுவாசித்து எண்ணை ஏற்றியிருக்கும். நம் நாட்டு முறையில் 27 டிகிரி, 3 நாள். பழைய அறிக்கைகளில் 20 டிகிரி, 5 நாள் என்று இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கிருமிச் சோதனை பாட்டில் ஒரு மணி நேரத்திலேயே கருத்துவிட்டது

சாக்கடைக் கிருமி வளர்ந்து சல்ஃபைடு விட்டால் கருக்கும் பாட்டில் இது. கிருமி அவ்வளவு வேகமாக வளராது. தண்ணீரிலேயே சல்ஃபைடு இருந்திருக்கிறது. 24 மணி நேரம் கழித்துக் கருத்தால்தான் பேச்சு. கண்மாய்த் தண்ணீருக்கு இந்தப் பாட்டில் எப்படியும் கருக்கத்தான் செய்யும். "இருக்கிறதா" என்ற கேள்விக்கு விடை தெரிந்ததே, "எவ்வளவு" என்பதற்கு ஆய்வகம்தான். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

மீன் செத்து மிதக்கிறது

இங்கே அவசரம் வேண்டும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் ஆதாரம் போய்விடும். மீட்டரை எடுப்பதற்கு முன் மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் பேசுங்கள்; கண்மாயை உங்களைவிட அவர் அதிக நேரம் பார்க்கிறார். "காலையில நாலு மணிக்கே வாயப் பொளந்துக்கிட்டு மேல வந்துருச்சு தம்பி, வெயில் ஏறுனதும் மிச்சம் உள்ள போயிருச்சு" என்று அவர் சொன்னால் பாதி வழக்கு முடிந்தது. விடியலில் மூச்சுக்கு மேலே வந்து, வெயிலேறியதும் தெளிவது ஆக்சிஜன் பற்றாக்குறை. இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டதா, முதல் மழையில் சாக்கடை அடித்து வந்ததா, பச்சை நிறம் திடீரென்று பழுப்பானதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும்.

அடுத்து, செத்தது எந்த மீன் என்று பாருங்கள். ஆக்சிஜன் குறைவில் கட்லா, ரோகு முதலில் போகும், அதிலும் பெரியவை முதலில். ஜிலேபி கெண்டை நிறைய தாங்கும். விராலோ மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீன்; தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே கரையில் ஒதுங்கியவற்றில் விராலும் கிடந்தால் ஆக்சிஜன் கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விஷமா என்று பார்க்க வேண்டிய கட்டம் அது. குஞ்சும் பொடிமீனும் முதலில் செத்து, பட்டப்பகலிலும் சாவு தொடர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரு கால்வாய் வாயருகே மட்டும் செத்திருந்தால் அந்தக் கால்வாயை மேல்நோக்கி நடங்கள்.

நடுவில் ஒரு வழக்கு உண்டு, பலர் கோட்டைவிடுவது: அம்மோனியா. மீட்டரோ பட்டையோ காட்டுவது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் அயனியாகாத பங்கு. 30 டிகிரியில் அந்தப் பங்கு பி.எச். 7-ல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 8-ல் 7.5 சதவீதம், 9-ல் 45 சதவீதத்தை ஒட்டி. மொத்தம் 3 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் காலையில் பி.எச். 7-ல் ஒன்றும் செய்யாது. அதே 3, பாசி பி.எச்.-ஐ 9-க்கு ஏற்றிய மத்தியானத்தில் 1.3 அளவு விஷமாகிறது. மீனுக்கான வகைப்பாட்டின் எல்லை 1.2. மத்தியானம் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது மீன் செத்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மாதிரியை இரண்டாக எடுங்கள், செத்துக்கொண்டிருக்கும் மீன் ஒன்றை ஐஸில் வையுங்கள். செத்து ஊதிய மீன் எந்த ஆய்வகத்துக்கும் உதவாது. அந்த மீனைச் சமைக்க எடுத்துப் போகிறவர்களைத் தடுப்பதும் உங்கள் வேலைதான்.

மறுகாலில் நுரை பொங்குகிறது

அயன்பாப்பாக்குடி கண்மாய்ப் பக்கம் சாலைவரை வந்த நுரையைச் செய்தித்தாள் படங்களில் பார்த்திருப்பீர்கள். மட்கிய இலைதழையும் பாசியும் தரும் இயற்கை நுரையும் உண்டு. அது மங்கிய பழுப்பாக, மண்வாடையோடு, கைபட்டதும் அடங்கும். வெள்ளையாக, சோப்பு மணத்தோடு, காற்றில் பறந்து கருவேல முள்ளில் ஒட்டிக்கொண்டு நிற்பது சலவைப்பொருள். நுரைக்குக் கீழே உள்ள தண்ணீரைப் பாட்டிலில் பாதி பிடித்துக் குலுக்கி வையுங்கள். சட்டென்று அடங்காமல் நின்றால் ஆய்வகத்தில் சலவைப்பொருள் சோதனை கேளுங்கள். நுரையை அள்ளி அனுப்பாதீர்கள், அதில் சலவைப்பொருள் திரண்டிருப்பதால் எண் பொய்யாக உயரும்.

மறுகாலில் மட்டும் நுரை, கண்மாய்க்குள் ஒன்றுமில்லையே என்பார்கள். பொருள் கண்மாய் முழுக்க இருக்கிறது. விழும் இடத்தில்தான் காற்றும் சேர்கிறது. காற்றுள்ள தண்ணீரில் சலவைப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஆக்சிஜன் செத்த கால்வாயில் அது தின்னப்படாமல் அப்படியே வந்து சேரும். ஆகவே நுரைப் புகாரோடு கால்வாயின் ஆக்சிஜன் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

மேலே பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் இருக்கிறது

ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. குச்சியில் பெயின்டாகப் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி ஜாடியில் பிடித்து ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். மேலே மிதந்து வளையம் கட்டினால் சந்தேகம் உறுதிப்படும். சில வகை நஞ்சு விடும், கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆடு மாடு இறங்கும் துறையில் முதலில் சொல்லிவிட்டு வாருங்கள், அறிக்கை அப்புறம் எழுதலாம்.

எண்ணெய்ப் படலம்

குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லாக உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்பு பாக்டீரியா, பயமில்லை. உடனே மீண்டும் ஒன்றுகூடினால் டீசலோ இன்ஜின் ஆயிலோ. மேலே ஒர்க் ஷாப் இருக்கிறதா பாருங்கள். எண்ணெய் மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு ஆய்வகங்களின் முடிவு ஒத்துப்போகவில்லை

ஒரே வாளியிலிருந்து பிரித்த தண்ணீரா, தனித்தனியாக மொண்டதா? தனித்தனி என்றால் சண்டை போட ஒன்றுமில்லை. ஒரே வாளி என்றால் இரண்டு இடத்திலும் எந்த முறையில் செய்தார்கள், மாதிரி வந்து எத்தனை மணி நேரம் கழித்துச் செய்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். அடுத்த முறை மூன்றாவதாக ஒரு பாட்டிலில் வெறும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, வேறு கண்மாயின் பெயரை ஒட்டி, இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். அதில் பாஸ்பேட் கண்டுபிடித்துத் தருகிற ஆய்வகத்துக்கு அதன்பின் போக வேண்டியதில்லை. இருவருமே கண்டுபிடித்தால் உங்கள் பாட்டிலைக் கழுவிய முறையைப் பாருங்கள்.